இருட்டிலும் நிறம் காணும் வண்டு

புனே நகரத்திலிருந்து அகமதுநகர் போகும் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் ரஞ்சன்காவ் என்ற ஊர் வரும். (அகமதுநகருக்கு 2024-இல் அகில்யாநகர் என்று பெயர் மாற்றினார்கள்.) இந்த ஊரில் மகாகணபதி கோயில் இருக்கிறது. மராட்டிய மக்கள் எட்டுப் பிள்ளையார் கோயில்களை 'அஷ்டவிநாயகர்' என்று சேர்த்துச் சொல்வார்கள். அந்த எட்டில் இது ஒன்று. ஊருக்கு அருகில் பெரிய தொழிற்பேட்டையும் உண்டு.

பிள்ளையாருக்கு அருகம்புல் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். மராட்டியத்தில் செம்பருத்திப் பூவும் பிள்ளையாருக்கு உரியது. அதனால் பிள்ளையார் கோயில் பூத்தட்டில் பச்சைப் புல் இருக்கும். சிவப்புச் செம்பருத்தி இருக்கும். மஞ்சள் செண்டுமல்லி இருக்கும். தூரத்தில் வரும்போதே நம் கண்ணில் முதலில் படுவது எது? செம்பருத்திதான். சிவப்பு அப்படி இழுக்கும்.

அதே தட்டின் மேல் ஒரு தேனீ பறந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன தெரியும்? மஞ்சள் செண்டுமல்லி தெரியும். செம்பருத்தியின் சிவப்பு மட்டும் தெரியாது. கறுப்புக் கலந்த மங்கலாக ஏதோ கிடப்பது போல இருக்கும். நமக்கு முதலில் தெரிந்த பூ, தேனீக்குக் கடைசியில்கூடச் சரியாகத் தெரியவில்லை.

தேனீக்குப் பார்வைக் குறையா? இல்லை. நமக்குத் தெரியாத ஒரு நிறம் அதற்குத் தெரியும். அது மட்டுமல்ல. இதே புனே மாவட்டத்துக் காட்டில் ஒரு வண்டு இருக்கிறது. நட்சத்திர வெளிச்சம் மட்டுமே உள்ள இருட்டில் அது நிறம் பார்க்கிறது. நாம் அந்த இருட்டில் நம் கைவிரலையே தடவித்தான் கண்டுபிடிப்போம்.

இது எப்படி நடக்கிறது? முதலில் பூச்சியின் கண்ணைப் பார்ப்போம்.

கண்ணா, குழாய்க் கட்டா?

நம் கண்ணில் ஒரு வில்லை இருக்கிறது. வில்லை என்றால் லென்ஸ். மூக்குக் கண்ணாடியில் இருப்பது போன்றது. வெளிச்சம் அதன் வழியாக உள்ளே போகிறது. கண்ணின் பின்புறம் உள்ள விழித்திரையில் படம் விழுகிறது. ஒரு கண், ஒரு வில்லை, ஒரு படம்.

பூச்சியின் கண் அப்படி இல்லை. அது பல சிறு கண்கள் சேர்ந்த கூட்டுக் கண். வேலைக்காரத் தேனீயின் ஒரு கண்ணில் சுமார் 5,000 சிறு கண்கள் உள்ளன. வீட்டு ஈக்கு 3,000-க்கும் மேல். தட்டான் பூச்சிக்கு ஏறத்தாழ 30,000 வரை இருக்கலாம். தட்டானின் தலையைப் பாருங்கள். தலை முழுவதும் கண்ணாகவே இருக்கும். பறந்துகொண்டே கொசுவைப் பிடிக்க அதற்கு இவ்வளவு கண் வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு சிறு கண்ணும் ஒரு குழாய் மாதிரி. மேலே ஒரு குட்டி வில்லை. அது மிகமிகச் சிறியது. தேனீயின் வில்லைகளில் சுமார் 40-ஐ வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். வில்லைக்குக் கீழே பளிங்கு போன்ற ஒரு கூம்பு. அதற்கும் கீழே ஒளியை உணரும் செல்கள். தேனீக்கு ஒரு குழாயில் ஒன்பது செல்கள். அவை ஆரஞ்சுச் சுளைகள் போல வட்டமாகச் சேர்ந்து நிற்கின்றன. சுளைகள் சேரும் நடுவில் ஒரு மெல்லிய கம்பி போன்ற பகுதி உண்டு. மேலிருந்து வரும் வெளிச்சம் இந்தக் கம்பி வழியாக இறங்குகிறது. குழாயைச் சுற்றிக் கறுப்புச் சாயம் பூசியது போல ஒரு சுவர். பக்கத்துக் குழாயின் வெளிச்சம் இங்கே கசியக் கூடாது. அதற்குத்தான் இந்தச் சுவர்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். பப்பாளி இலையின் காம்பு உள்ளே கூடாக இருக்கும். குழந்தைகள் அதில் சோப்பு நுரை ஊதி விளையாடுவார்கள். அந்தக் காம்பை ஒரு சாண் நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். பத்துப் பதினைந்து துண்டுகளைச் சேர்த்து நூலால் கட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டின் வழியாக எதிரே உள்ள வேப்பமரத்தைப் பாருங்கள். ஒரு துளையில் கொஞ்சம் இலை தெரியும். பக்கத்துத் துளையில் கொஞ்சம் கிளை. இன்னொன்றில் கொஞ்சம் வானம். எந்தத் துளையிலும் முழு மரம் தெரியாது. எல்லாத் துளைகளையும் சேர்த்தால்தான் மரம். பூச்சியின் பார்வையும் இப்படித்தான். ஒரு குழாய்க்கு ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்து ஒரு படம். செய்தித்தாளில் அச்சான புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்திருந்தால் இது உடனே புரியும்.

சினிமாவில் ஒரு காட்சி காட்டுவார்கள். ஈயின் கண் வழியாகப் பார்த்தால் ஒரே கதாநாயகன் நூறு பேராகத் தெரிவார். இது தவறு. ஈக்கு ஒரு கதாநாயகன்தான். இந்தத் தவறு வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 300 ஆண்டுகளுக்கு முன்பு ஹாலந்து நாட்டில் லேவன்ஹூக் என்பவர் இருந்தார். துணி வியாபாரி. தானே வில்லை தேய்த்து நுண்ணோக்கி செய்தவர். அவர் ஒரு பூச்சிக் கண்ணின் மேல்தோலை உரித்து, அதன் வழியாக ஒரு மெழுகுவர்த்தியைப் பார்த்தார். நூற்றுக்கணக்கான சுடர்கள் தெரிந்தன. ஒவ்வொரு குட்டி வில்லையும் ஒரு சுடரைக் காட்டியது. அவர் பார்த்தது உண்மைதான். ஆனால் அவர் பார்த்தது வில்லையை மட்டும். அதற்குக் கீழே உள்ள குழாய், தேனீக்கு அந்தப் படத்தின் நடுப்புள்ளியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

புள்ளிக் கண்ணால் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும்? கையை முன்னால் நீட்டுங்கள். சுண்டுவிரலைப் பாருங்கள். அந்த விரலின் அகலம்தான் தேனீக்கு ஒரு புள்ளி. அதே அகலத்தில் நல்ல மனிதக் கண் வரிசையாக 60 புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். தேனீயால் இந்தப் புத்தகத்தின் எழுத்தைப் படிக்க முடியாது. எழுத்துத் தெரிந்தாலும் முடியாது! கூட்டுக் கண்ணை வைத்துக்கொண்டு நம்மைப் போலக் கூர்மையாகப் பார்க்க வேண்டும் என்றால் கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கிர்ஷ்ஃபெல்ட் என்ற ஜெர்மன் அறிஞர் 1976-இல் கணக்குப் போட்டார். ஒரு மீட்டர் அகலம் வந்தது. மாட்டு வண்டிச் சக்கரம் அளவு கண்ணை எந்த உயிர் சுமக்கும்?

கூர்மையில் தோற்றாலும் வேகத்தில் பூச்சிதான் முதல். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நமக்கு அது தொடர்ந்து அசைவதாகத் தெரிகிறது. தேனீக்கு அது தனித்தனிப் படமாக நின்று நின்று வரும். பழைய சோக் வைத்த குழல் விளக்கு ஒரு நொடிக்கு 100 முறை அணைந்து எரிகிறது. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. தேனீக்குத் தெரியும். ஈயை அடிக்கக் கையை ஓங்கினால் அது பறந்துவிடுகிறதே, அதற்கும் இந்த வேகக் கண் ஒரு காரணம்.

மூன்று நிறக் கணக்கு

வெகு காலம் வரை, பூச்சிகளுக்கு நிறம் தெரியாது என்றே சில பெரிய அறிஞர்கள் சொன்னார்கள். கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற இளைஞருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆஸ்திரியாவில் பிறந்தவர். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆராய்ச்சி செய்தார். 'தேனீக்கு நிறம் தெரியாது என்றால் பூக்கள் எதற்கு இத்தனை நிறத்தில் பூக்கின்றன?' இதுதான் அவருடைய கேள்வி.

அவர் செய்த சோதனைக்குப் பெரிய கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு நீல அட்டை வைத்தார். அதன் மேல் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர். தேனீக்கள் வந்து குடித்துப் பழகின. பிறகு நீல அட்டையைச் சுற்றிப் பல சாம்பல் நிற அட்டைகளை வைத்தார். வெளுத்த சாம்பல், நடுத்தரச் சாம்பல், கறுத்த சாம்பல் என்று வரிசையாக வைத்தார். கிண்ணங்களில் இப்போது சர்க்கரை இல்லை. தேனீக்கள் எங்கே போயின? நேராக நீல அட்டைக்கு.

சாம்பல் அட்டை எதற்கு? அதில்தான் அவருடைய புத்தி இருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளை சினிமாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நீலச் சேலையும் ஏதோ ஒரு சாம்பலாகத்தான் தெரியும். தேனீயின் கண்ணும் அப்படிக் கறுப்பு வெள்ளைக் கண்ணாக இருந்தால், நீல அட்டையை ஏதாவது ஒரு சாம்பல் அட்டையோடு குழப்பிக்கொள்ளும். குழப்பவில்லை. ஆகவே அதற்கு நிறம் தெரிகிறது. பிறகு சிவப்பு அட்டையை வைத்தார். தேனீ அதைக் கறுப்போடும் கறுத்த சாம்பலோடும் குழப்பியது. சிவப்பு தெரியவில்லை. இதையெல்லாம் அவர் 1914-இல் வெளியிட்டார். 1973-இல் தேனீ ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 86.

நம் கண்ணில் நிறம் பார்க்க மூன்று வகைச் செல்கள் உள்ளன. சிவப்புப் பக்கம் ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. தேனீக்கும் மூன்று வகைதான். ஆனால் கணக்கு வேறு. பச்சைக்கு ஒன்று. நீலத்துக்கு ஒன்று. மூன்றாவது வகை, புற ஊதா ஒளிக்கு. வானவில்லில் ஊதா நிறத்தோடு நமக்குப் பார்வை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பாலும் வெயிலில் ஓர் ஒளி இருக்கிறது. நம் தோலைக் கறுக்க வைப்பதும், கொடியில் கிடக்கும் துணியை வெளுக்க வைப்பதும் அதுதான். அதைப் புற ஊதா என்கிறோம். நமக்குத் தெரியாத இந்த ஒளி தேனீக்கு ஒரு தனி நிறம்.

சூரியகாந்திப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். இதழ் முழுவதும் நமக்கு ஒரே மஞ்சள். தேனீக்கு அது இரண்டு நிறப் பூ. இதழின் வெளிப்பகுதி புற ஊதாவைத் திருப்பி அனுப்புகிறது. உட்பகுதி அதை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் நடுவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது போல இருக்கும். 'தேன் இங்கே' என்று எழுதி வைத்த பலகை மாதிரி. நாம் அந்தப் பலகை முன்னால் தினமும் நடந்து போகிறோம்.

செம்பருத்திக்கு வருவோம். தேனீக்குத் தெரியாவிட்டால் அது யாருக்காகச் சிவப்பாகப் பூக்கிறது? தோட்டத்தில் காலையில் நின்று பாருங்கள். தேன்சிட்டு வந்து அலகை நீட்டும். பறவைக் கண்ணுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும். பல வண்ணத்துப்பூச்சிகளுக்கும் சிவப்பு தெரியும். நீலப்பட்டை போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் கண்ணில் 15 வகை ஒளிச் செல்கள் இருப்பதை 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம்மிடம் இருப்பது மூன்று!

இருட்டில் நிறம் ஏன் மறைகிறது?

மின்சாரம் போன ஓர் அமாவாசை இரவில் முற்றத்துக் கொடியைப் பாருங்கள். அரை மணி நேரம் போனால் கண் இருட்டுக்குப் பழகிவிடும். சேலை தெரியும். வேட்டி தெரியும். ஆனால் எது பச்சைச் சேலை, எது நீலச் சேலை? சொல்ல முடியாது. எல்லாம் சாம்பல்.

நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் செல்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் அவை வேலை செய்யாது. அப்போது இன்னொரு வகைச் செல்கள் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அவை ஒரே ஒரு வகை. ஒரே வகைச் செல்லால் வெளிச்சம் கூடவா குறைவா என்று சொல்ல முடியும். நிறம் சொல்ல முடியாது. நிறம் என்பது ஒப்பிட்டுச் சொல்வது. பச்சைச் செல்லுக்கு எவ்வளவு வந்தது, நீலச் செல்லுக்கு எவ்வளவு வந்தது என்று ஒப்பிட வேண்டும். குறைந்தது இரண்டு வகையாவது வேண்டும்.

சரி, இருட்டிலும் ஒப்பிட வேண்டியதுதானே? அங்கே ஒரு சிக்கல். ஒளி மழைத்துளி போலத் துளித் துளியாக வருகிறது. ஒரு கிண்ணத்தை வெட்டவெளியிலும் ஒரு கிண்ணத்தைப் புளியமரத்தடியிலும் வையுங்கள். அடைமழையில் ஒரே நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். தூறலில்? ஒரு கிண்ணத்தில் நாலு துளி. இன்னொன்றில் மூன்று. மரம் தடுத்ததால் குறைந்ததா, சும்மா குறைந்ததா? சொல்ல முடியாது. நடுப்பகல் வெயிலோடு ஒப்பிட்டால் நட்சத்திர வெளிச்சம் சுமார் 10 கோடி மடங்கு குறைவு. அது தூறல்கூட இல்லை.

அந்திப்பூச்சிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. அவற்றின் கண்ணில் குழாய்களுக்கு நடுவே கறுப்புச் சுவர் இரவில் விலகிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான வில்லைகள் சேர்ந்து ஒரே இடத்துக்கு வெளிச்சத்தை அனுப்பும். பல வீட்டுக் கூரைத் தண்ணீரை ஒரே அண்டாவில் பிடிப்பது போல. இந்தக் கண் உள்ள ஒரு பருந்து அந்திப்பூச்சி, நட்சத்திர வெளிச்சத்தில் பூவின் நிறத்தைக் கண்டுகொள்கிறது. ஸ்வீடன் நாட்டில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்முட் கெல்பர் குழுவினர் 2002-இல் இதை வெளியிட்டார்கள்.

தேனீயிடம் இந்த வசதி இல்லை. அதன் குழாய்கள் எப்போதும் தனித்தனிதான். ஒரு வில்லைக்கு ஒரு குழாய். பகலுக்கு ஏற்ற கண். இந்தக் கண்ணோடு இரவில் நிறம் பார்க்க முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பீமாசங்கர் காட்டில்

ரஞ்சன்காவிலிருந்து மேற்கே போனால், அதே புனே மாவட்டத்தின் ஓரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அங்கே பீமாசங்கர். பன்னிரண்டு ஜோதிலிங்கத் தலங்களில் ஒன்று. பீமா நதி அங்கேதான் பிறக்கிறது. மலையிலிருந்து இறங்கி, ரஞ்சன்காவ் இருக்கும் ஷிரூர் வட்டத்தின் ஓரத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. பீமாசங்கர் காடு 1985-இல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. பெரிய மலை அணில் அங்கே பெயர் பெற்றது. ஆனால் நமக்கு வேண்டியது அணில் அல்ல. காய்ந்த மரக்கிளையில் துளை போட்டுக் குடியிருக்கும் கருவண்டு.

கருவண்டை எல்லோருக்கும் தெரியும். பெருவிரல் நுனி அளவு இருக்கும். கறுப்பாக, 'ஙொய்' என்று சத்தம் போட்டுப் பறக்கும். வீட்டு உத்தரத்தில் வட்டமாகத் துளை போடும். பெயர்தான் வண்டு. இனத்தால் தேனீக்குச் சொந்தம். தச்சர் போல மரத்தைத் துளைப்பதால் தச்சுத் தேனீ என்றும் சொல்வார்கள். மரத்தை அது தின்பதில்லை. துருவி வெளியே தள்ளிவிடும். உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் மகரந்த உருண்டை வைத்து ஒரு முட்டை இடும்.

பீமாசங்கரில் இந்தக் கருவண்டில் மூன்று இனங்களை ஹேமா சோமநாதன் என்ற ஆய்வாளர் கவனித்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரெனே போர்ஜெஸ் அவருடன் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்து உழைத்தவர். ஓர் இனம் பகலில் மட்டும் பறந்தது. ஓர் இனம் பகலிலும் அந்தியிலும், நிலா இருந்தால் இரவிலும் பறந்தது. மூன்றாவது இனம் இரவுக்கே உரியது. நிலா இல்லாத இரவிலும் பறந்தது. தேனீ உறவில் இது மிகவும் அபூர்வம்.

இந்த மூன்றாவது இனத்தின் பெயரில் நம் ஊர் ஒன்று இருக்கிறது. அறிவியலில் இதற்கு 'சைலோகோபா டிராங்க்வெபாரிகா' என்று பெயர். டிராங்க்வெபார் என்றால் தரங்கம்பாடி! அந்தக் காலத்தில் தரங்கம்பாடி டென்மார்க் நாட்டுக்காரர்கள் கையில் இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியல் அறிஞர் 1804-இல் இந்த வண்டுக்குப் பெயர் சூட்டினார்.

இரவில் பறந்து போகும் வண்டு தன் கூட்டை எப்படிக் கண்டுபிடித்துத் திரும்புகிறது? நிறத்தை அடையாளம் வைத்துக்கொள்கிறதா? இதைச் சோதிக்க ஹேமா சோமநாதனும் ரெனே போர்ஜெசும், லுண்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் வாரண்ட், அல்முட் கெல்பர் ஆகியோரும் சேர்ந்தார்கள். சோதனை முறை ஃபான் ஃபிரிஷ் காட்டிய அதே வழிதான். கூட்டின் வாசலில் நிற அட்டையை அடையாளமாக வைத்தார்கள். வண்டு அதற்குப் பழகியது. பிறகு சாம்பல் அட்டைகளுக்கு நடுவில் நிற அட்டையை வைத்தார்கள். இரவில் திரும்பி வந்த வண்டு நிற அட்டையைத் தேடிப் போனது. நட்சத்திர வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு அந்த அட்டைகள் எல்லாம் ஒன்றுதான். 2008-இல் இந்த முடிவு வெளிவந்தது.

பகல் கண்ணை வைத்துக்கொண்டு அது எப்படிச் சமாளிக்கிறது? மூன்று இனங்களின் கண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரவு வண்டின் வில்லைகள் பெரியவை. கிண்ணத்தின் வாய் அகலமானால் துளி அதிகம் விழும் அல்லவா? வில்லைக்குக் கீழே ஒளி இறங்கும் கம்பியும் தடிப்பாக இருந்தது. வண்டுக்கு நெற்றியிலும் மூன்று சிறு கண்கள் உண்டு. ஆம், தேனீக்கும் வண்டுக்கும் மொத்தம் ஐந்து கண்கள்! இரவு வண்டின் நெற்றிக் கண்களும் மற்ற இரண்டு இனங்களுக்கு இருப்பதைவிடப் பெரியவை.

இவ்வளவும் சேர்ந்தாலும் கணக்கு முழுதாகத் தீரவில்லை. மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் விழுந்த துளிகளை மூளை கூட்டிப் பார்க்கலாம். கொஞ்சம் கூடுதல் நேரம் காத்திருந்தும் சேர்க்கலாம். அப்படிச் செய்தால் படம் கொஞ்சம் கலங்கும். ஆனால் எதுவுமே தெரியாததற்குக் கலங்கலாகத் தெரிவது மேல்.

மஞ்சள் அட்டை, நீல அட்டை

பூச்சிக்கு எந்த நிறம் தெரியும் என்பது விவசாயிக்கும் உதவும். வெள்ளை ஈயும் அசுவினியும் மஞ்சளைத் தேடி வரும். இளம் இலையின் நிறத்தை மஞ்சள் இன்னும் தூக்கலாகக் காட்டுகிறது. அதனால்தான் மஞ்சள் தகட்டிலோ பழைய டின்னிலோ ஆமணக்கு எண்ணெய் தடவி வயலில் வைக்கிறார்கள். கடையில் மஞ்சள் ஒட்டுப்பொறி என்று கேட்டாலும் கிடைக்கும். ஏக்கருக்கு ஐந்து போதும். பயிரின் தலை உயரத்துக்கு இருக்கட்டும். பயிர் வளர வளரப் பொறியையும் உயர்த்துங்கள்.

புனே மாவட்டத்தில் வெங்காயம் நிறைய விளைகிறது. வெங்காயத்தின் பெரிய எதிரி இலைப்பேன். அதற்கு நீல அட்டை நல்லது. எந்தப் பூச்சி வந்திருக்கிறது, எவ்வளவு வந்திருக்கிறது என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மருந்து அடிக்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது உதவும். பணமும் மிச்சம். ஆனால் அட்டைக்கு நல்ல பூச்சி எது, கெட்ட பூச்சி எது என்று தெரியாது. தேனீ ஒட்டிக்கொண்டாலும் விடாது. தோட்டம் பூத்துக் குலுங்கும் நாட்களில் அட்டைகளைக் குறைத்துக்கொள்வது நல்லது.

விளக்கும் விட்டிலும்

'விளக்கில் விழுந்த விட்டில்' என்று நாம் சொல்வோம். விட்டிலுக்கு விளக்கின் மேல் ஆசை என்று நினைக்கிறோம். ஆசை இல்லை, ஏமாற்றம். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. வேகமாகப் படம் பிடிக்கும் காமிரா வைத்துப் பார்த்தார்கள். இரவில் பூச்சிக்கு வானம்தான் வெளிச்சமான பக்கம். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறந்தால் தலைகீழாகக் கவிழாமல் பறக்கலாம். காலம் காலமாக அப்படித்தான் பறந்து வந்தது. இப்போது நடுவில் ஒரு விளக்கு வந்துவிட்டது. பூச்சி விளக்குக்கு முதுகைத் திருப்புகிறது. திருப்பத் திருப்ப விளக்கையே சுற்றுகிறது. வெளியே போக முடியாமல் களைத்து விழுகிறது.

ரஞ்சன்காவ் போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் இரவு முழுவதும் விளக்கு எரியும். வேலைக்குப் போய் வருபவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, விளக்கு வேண்டும். அதை யாரும் மறுக்க முடியாது. எந்த விளக்கு, எங்கே பார்த்து எரிகிறது என்பதுதான் கேள்வி. வெள்ளையாக, நீலம் கலந்து எரியும் விளக்கும், புற ஊதா விடும் விளக்கும் பூச்சியை அதிகம் இழுக்கும். மஞ்சளாக எரியும் விளக்குக்குக் குறைவாகவே வரும். விளக்குக்கு மேலே மூடி போட்டால் வெளிச்சம் தரையில் விழும். நமக்கும் வழி நன்றாகத் தெரியும். மின்சாரமும் வீணாகாது.

வயலில் விளக்குப் பொறி வைப்பவர்கள் இரவு பத்து மணிக்கு அணைத்துவிடலாம். அந்துப்பூச்சிகள் பல அதற்குள் வந்து விழுந்துவிடும். விடிய விடிய எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து சாகும்.

பீமாசங்கர் காட்டில் 'வாரஸ்' என்று மராட்டியர் சொல்லும் ஒரு மரம் உண்டு. வெள்ளைப் பூ, இரவில் மலரும். நிலா இரவிலும் பறக்கும் அந்த இரண்டாவது இனக் கருவண்டு வந்துதான் அதற்கு மகரந்தம் சேர்க்கிறது. வண்டு வராவிட்டால் காய் இல்லை. காய் இல்லாவிட்டால் கன்று இல்லை. நம் ஊர்க் கத்தரிக்காய்க்கும் கருவண்டு வேலை செய்கிறது. கத்தரிப் பூவின் மகரந்தம் தானாகக் கொட்டாது. கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து, உடம்பை அதிர வைத்து உதிர்க்கும். காலையில் கத்தரித் தோட்டத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்கலாம்.

இவ்வளவு செய்யும் வண்டுக்கு வேண்டியது கொஞ்சம் காய்ந்த மரம். தோட்டத்து ஓரம் காய்ந்து நிற்கும் கிளையை விறகுக்கு வெட்டும்போது அதில் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளை இருந்தால் உள்ளே முட்டையோ புழுவோ இருக்கும். உத்தரத்தில் துளை போடுகிறதே என்று சிலர் நெருப்பு வைத்துக் கொளுத்துகிறார்கள். உத்தரத்துக்கு வண்ணம் அடித்து வைத்தால் கருவண்டு அவ்வளவாக அண்டாது. மாட்டுக் கொட்டகைக்கு அருகில், மழை படாத இடத்தில் ஒரு பழைய மரத்துண்டைக் கிடத்தி வைக்கலாம். அடுத்த பூக்காலத்தில் அதில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை தெரியலாம். கீழே புதிதாக மரத்தூள் உதிர்ந்து கிடந்தால் உள்ளே ஆள் குடி வந்துவிட்டது என்று அர்த்தம்.